லூர்து மேரி போடாத கையெழுத்து

வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணி. செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே, மூன்றாவது மாடியில் இருந்த அந்தச் சிறிய சாஃப்ட்வேர் கம்பெனியில், லூர்து மேரியின் மேஜை மேல் ஒரு தாளை வைத்த நிகில், பேனாவின் மூடியையும் தானே கழற்றி நீட்டினான்.

"மேரி ஆன்ட்டி, கடைசில ஒரு கையெழுத்து மட்டும். தோ மினிட் கா காம்."

இரண்டு நிமிட வேலைதான். அவள் கையெழுத்து விழுந்தால், மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு மான்குர்த்தில் இருக்கும் கரீம் பாட்சாவின் மருந்து கோடவுன் தன் பழைய கணக்கு நோட்டுகளை மூடிவிடும். நிகில் அமைத்திருந்த புதிய சாஃப்ட்வேரில் ஓட ஆரம்பிக்கும். கையெழுத்து விழாவிட்டால் ஓடாது. தொடக்க விழாவுக்காக வாழைக்கன்றுக்குச் சொல்லியாயிற்று, பேடாவுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று, விருந்தாளிகளுக்கும் போன் போயாயிற்று. லூர்து மேரியின் பெயர் மட்டும்தான் பாக்கி.

அவள் தாளைத் திருப்பினாள். பதினான்கு வரிகள். சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்த்ததாகப் பதினான்கு கோடவுன் ஊழியர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கையெழுத்து. பதினான்கும் ஒரே நீல மை, ஒரே சாய்வு, கடைசி எழுத்தில் ஒரே சுழி.

"ஒன்பதாவது வரி, கோமதியம்மாள். இவங்க யாரு நிகில்?"

"கோடவுன்ல ரேக் பாத்துக்கற லேடி. அவங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வராது ஆன்ட்டி. மேனேஜர்தான் எல்லாருக்கும் சேத்துப் போட்டுட்டார். சலேகா, பரவால்ல."

"எனக்குச் சலேகா இல்லப்பா," என்று லூர்து மேரி பேனாவுக்கு மூடியைப் போட்டாள். "நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

நிகில் அவளை ஏதோ புது மனுஷியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பாவம், அவன் மேல் தப்பில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த ஆபீஸில் யாருக்கும் 'முடியாது' என்று சொல்லாத ஒரே ஜீவன் அவள்தான்.

உவரிக் கடற்கரையிலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள் லூர்து மேரி. கணவன் தாவீது தொண்ணூறடி ரோட்டில் தோல் பைகளுக்குத் தோல் வெட்டுகிற தொழிலாளி. இருபத்திரண்டு வயதில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தாள். இன்று நாற்பத்து நான்கு. அவளுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் மேனேஜர் ஆகிக் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார்கள். அவள் அதே ஜன்னலோர மேஜையில், அதே மின்விசிறிக்குக் கீழே இருந்தாள். யார் எந்தத் தாளை நீட்டினாலும் வாங்கி வைத்துக்கொள்வாள்.

முந்தைய வருடம் இரண்டு வாடிக்கையாளர்கள் சாஃப்ட்வேர் ஓடவில்லை என்று திட்டிவிட்டுப் போனார்கள். கம்பெனி முதலாளி பஞ்சாபகேசன் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக வாழ்கிற குடும்பத்துக்காரர். மானஸ்தர். உடனே புனேயிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்து, அறுபத்திரண்டு பக்கத்தில் ஒரு வழிமுறை எழுதி வாங்கினார். ஆபீஸில் அதை 'மெத்தட்' என்பார்கள். முதலில் வாடிக்கையாளரிடம் கேள், பிறகு திட்டம் வரை, பிறகு அமை, பிறகு சோதி, அதற்குப் பிறகுதான் ஓட விடு. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு 'கேட்'. அந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கேட் திறக்கும்.

பஞ்சாபகேசன் அந்தப் புத்தகத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்குக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, எப்போதும் செய்கிற வேலைக்குத் திரும்பினார். அது என்ன வேலை என்றால், பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிப்பது. அந்த ஆபீஸில் நாள்தான் முதலில். வாடிக்கையாளரிடம் பேசி முடிப்பதற்குள் முகூர்த்தம் குறித்தாகிவிடும். பிறகு வேலையை அந்த நாளுக்குள் எப்படியாவது மடித்துத் திணிப்பார்கள்.

கேட்டுக்கு யார் கையெழுத்துப் போடுவது என்று பேச்சு வந்தபோது, "மேரி போடட்டும். மேரி யாருக்கும் இல்லேன்னு சொன்னதில்லை," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வாடிக்கையாளர்களுக்குப் போன கடிதத்திலும் கேட் பொறுப்பாளர் என்று அவள் பெயரே போயிற்று.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. சயான் ஸ்டேஷனில் ஏறிக் குர்லாவில் வண்டி மாறி வரும் வழியில், நின்றுகொண்டே, போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த அறுபத்திரண்டு பக்கத்தையும் லூர்து மேரி மூன்று வாரத்தில் படித்து முடித்திருந்தாள். ஆபீஸில் அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவள். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி அவளை உலுக்கிப் போட்டது. வாடிக்கையாளரிடத்தில் எந்தக் கை அந்த வேலையைச் செய்கிறதோ, அந்தக் கையே சோதிக்க வேண்டும், அந்தக் கையே கையெழுத்திட வேண்டும்.

அந்த வரியைப் படித்தபோது அவள் கண்முன் பூலோகம் என்ற மனிதரின் முகம் வந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால், கல்யாண் என்ற ஊரில் இவர்கள் சாஃப்ட்வேர் அமைத்துக் கொடுத்த ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனி. 'சரக்கு விவரம் முழுவதும் சரிபார்க்கப்பட்டது' என்ற தாளில், சரிபார்க்காமலே, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டாள் லூர்து மேரி. கம்ப்யூட்டர் சொன்ன எண்ணிக்கைக்கும் அலமாரியில் இருந்ததற்கும் ஒத்துப்போகவில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, இதோ சரிபார்த்த கையெழுத்து இருக்கிறது என்று சொல்லி, ஸ்டோர் கீப்பர் பூலோகத்தைத் திருடன் பட்டம் கட்டி அனுப்பினார்கள். தப்பு சாஃப்ட்வேரில்தான் என்று பிறகு தெரிந்தது. யாரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கல்யாண் ஸ்டேஷன் மேம்பாலத்துப் படியில் மொபைல் கவர் விற்றுக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்துவிட்டார். "நல்லாருக்கியளாம்மா? வீட்ல எல்லாரும் சொகமா?" என்று கேட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவள் ஆறியிருப்பாள். அந்தச் சுகவிசாரிப்பு நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது, இன்றுவரை.

செம்பூரிலிருந்து மான்குர்த் இரண்டாவது ஸ்டேஷன். நாலு மணிக்கெல்லாம் லூர்து மேரி கோடவுனில் இருந்தாள்.

கோமதியம்மாள் ஐம்பதை ஒட்டிய நெடிய உருவம். தென்காசிப் பக்கத்துக்காரி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணி மேல் நின்றவள், விஷயத்தைக் கேட்டதும் அங்கிருந்தே சிரித்தாள்.

"நான் கையெழுத்துப் போட்டனா? நல்லா இருக்கே. ஒங்க ஆபீஸ் தம்பி ஒரு நாளு வந்தாவ. மேனேஜர் ரூம்புல ஏசியில இருந்துட்டுப் போயிட்டாவ. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாவ. ஆன்ட்டி, குடிக்கத் தண்ணி எங்க இருக்குன்னு."

"வேற ஒண்ணும் கேக்கலையாக்கா?"

"அதுக்கும் கையைக் காட்டுனேன். வாய் பேச விடல."

லூர்து மேரி கோடவுனைச் சுற்றி வந்தாள். மூலையில் கம்பி வலைக்குப் பின்னால் சில பெட்டிகள் தனியாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புச் சரடு கட்டியிருந்தது.

"இது என்னக்கா?"

"திரும்பி வந்த மாலு. இந்தா பாரு, இன்சுலின். ஒரு கடையில ஃப்ரிட்ஜு ரெண்டு நாளா ஓடல. மருந்து பூராவும் சூட்டுல வெந்து போச்சு. அட்டையப் பாத்தா புத்தம்புதுசு. தேதியும் இன்னும் நாலு மாசம் கெடக்கு. ஆனா உள்ள இருக்கது வெறும் தண்ணி. சரடு கட்டிட்டம்னா, கம்பெனிக்காரன் வந்து பாக்குற வரைக்கும் இங்க ஒரு பய தொட மாட்டான்."

"இந்தச் சரடு விஷயம் எந்த நோட்டுலயாவது எழுதியிருக்கா?"

"சரடு கட்டுறதப் போயி எவளாவது எழுதி வைப்பாளா?"

இருவரும் பயிற்சிக்காக வைத்திருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கோமதியம்மாள் ஒவ்வொன்றாகச் சொல்ல, லூர்து மேரி தட்டினாள். திரும்பி வந்த இன்சுலின், பன்னிரண்டு பெட்டி. சாஃப்ட்வேர் அதை வாங்கி நல்ல சரக்கோடு சேர்த்துக்கொண்டது. பிறகு ஒரு கடை பத்துப் பெட்டி கேட்பதாக ஓர் ஆர்டர் போட்டாள். எந்த மருந்துக்குத் தேதி சீக்கிரம் முடிகிறதோ அதை முதலில் அனுப்பு என்பது சாஃப்ட்வேருக்குச் சொல்லியிருந்த விதி. பிரிண்டர் சீட்டைத் துப்பியது. அந்த வெந்துபோன பெட்டிகளையே எடுத்துக் கடைக்கு அனுப்பச் சொல்லியது.

கோமதியம்மாள் சீட்டை வாங்கி, தெரிந்த எண்களை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நாளையில இருந்து இந்தச் சீட்டப் பாத்துத்தான் எடுக்கணுமா?"

"ஆமாக்கா. திரும்பி வந்த மாலும் நேரா அலமாரிக்குப் போயிரணும்னு எழுதியிருக்கு. இந்த வலை மூலையே கெடையாது."

கோமதியம்மாள் முகத்தில் சிரிப்பு வற்றிப்போயிற்று. "அப்ப யாரோ ஒரு வீட்டுல ஒரு புள்ளைக்குத் தண்ணியக் குத்துவாவ. இவ்வளவு ஊசி போட்டும் சக்கர எறங்கலியேன்னு பெத்தவ கெடந்து அழுவா."

மான்குர்த் பிளாட்பாரத்திலிருந்தே லூர்து மேரி பஞ்சாபகேசனுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அதையெல்லாம் ஓட விட்டப்புறம் சரி பண்ணிக்கலாம் மேரி," என்றார் அவர். "நாளைய நாளை விட்டா இன்னும் ஒன்பது நாளைக்கு நல்ல நாளே கிடையாது. மனுஷாளை வேற கூப்பிட்டாச்சு."

"சோதிக்காத தாள்ல என்னால போட முடியாது சார்."

"நாளைக்குக் கார்த்தால கோடவுனுக்கு வந்துடு. அங்க வச்சுப் போட்டுக்கலாம்," என்று அவர் வைத்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் அவள் மறுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் தாராவி வீட்டில் தாவீது தலையில் கை வைத்துக்கொண்டான்.

"போட்டுத் தொலையேம்ட்டி. ஒம் பேர என்ன கல்வெட்டுலயா செதுக்கப் போறாவ?"

"பூலோகம் அண்ணன் அந்தப் படியில நின்னத நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

"வேல போயிட்டுன்னா?"

"போவட்டும்."

தாவீது எழுந்து அலமாரியைத் திறந்து, ஈஸ்டருக்கு எடுத்த பச்சைப் பட்டுச் சேலையைக் கட்டிலில் போட்டான். "நாளைக்கி இதக் கட்டிட்டுப் போ. சண்ட போடப் போறவ பழசக் கட்டிட்டுப் போவக் கூடாது." அவ்வளவுதான் சொன்னான். இருபத்து நான்கு வருட தாம்பத்தியத்தில் இதைவிடப் பெரிய வார்த்தையை அவன் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை. கோடவுன் வாசலில் வாழைக்கன்று. கம்ப்யூட்டர் நெற்றியில் சந்தனம், கீபோர்டு மேல் ரோஜா இதழ். பட்டு வேட்டியில் பஞ்சாபகேசன். நாலைந்து கடைக்காரர்கள், மருந்துக் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர். கரீம் பாட்சா வெள்ளை ஜிப்பாவில் எல்லோருக்கும் அத்தர் தடவிக்கொண்டிருந்தார்.

"நேரம் காலம் எல்லாம் நீங்களே பாத்துக்குங்க சாமி," என்றார். "எனக்கு ஜும்மா தொழுகைக்கு மட்டும் விட்டுடுங்க."

"பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள முடிச்சுடலாம்," என்ற பஞ்சாபகேசன், தாளையும் பேனாவையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து லூர்து மேரி முன்னால் நீட்டினார். முகத்தில் புன்னகை. கண்ணில் அது இல்லை. "மேரி, ஒரு கையெழுத்து. நல்ல நேரம் போயிண்டிருக்கு."

அவள் தாம்பாளத்தைப் பார்த்தாள். பச்சைப் பட்டின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"போட மாட்டேன் சார்."

பேடாவை வாய்க்குக் கொண்டுபோன ஒரு கடைக்காரர் கை அப்படியே நின்றது.

"ஆன்ட்டி, சப் தேக் ரஹே ஹைன்," என்று நிகில் காதோரம் கெஞ்சினான்.

"பாக்கட்டும். பாக்கத்தான வந்திருக்காவ."

"என்ன பிரச்சினை?" என்று கரீம் பாட்சா அருகில் வந்தார்.

"ஒண்ணுமில்லை, ஒரு சின்ன ஃபார்மாலிட்டி," என்றார் பஞ்சாபகேசன்.

"ஃபார்மாலிட்டி இல்ல பாய்." லூர்து மேரி தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். "ஒங்க ஆளுங்க பதினாலு பேர் சோதிச்சுப் பாத்ததா இந்தத் தாள் சொல்லுது. பதினாலும் ஒரே ஆள் போட்ட கையெழுத்து. கோமதியக்கா இந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதே நேத்து சாயங்காலம்தான். அவங்க தொட்டப்ப என்ன ஆச்சுன்னு நீங்களே பாருங்க."

கோமதியம்மாள் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. சரடு கட்டிய பெட்டியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அதை ரோஜா இதழ்களுக்கு நடுவில் வைத்தாள். முந்தின நாள் செய்ததை இருவரும் மறுபடி செய்தார்கள். பிரிண்டர் சீட்டைத் துப்பியது. கரீம் பாட்சா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. முப்பது வருடமாக மருந்து விற்றவர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் அவர் கோபம் லூர்து மேரி மேல்தான் பாய்ந்தது.

"இத்தனை பேரைக் கூட்டி வச்சு என் மானத்த வாங்கணுமாம்மா? நேத்தே சொன்னா என்ன?"

"நேத்தே சொன்னேன் பாய். எங்க சார்கிட்ட."

கரீம் பாட்சா மெல்லத் திரும்பிப் பஞ்சாபகேசனைப் பார்த்தார். பிறகு தன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அத்தர் வாசனையை ரசிப்பவர்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னிக்கு இங்க எதுவும் ஓடாது," என்றார் கரீம் பாட்சா. "எல்லாரும் இனிப்பு சாப்பிட்டுட்டுப் போங்க."

மதியம் மூன்று மணிக்குச் செம்பூர் ஆபீஸில், கண்ணாடி அறைக்குள் லூர்து மேரியைக் கூப்பிட்டார் பஞ்சாபகேசன். பட்டு வேட்டியை இன்னும் மாற்றவில்லை. ஒரே நாளில் பத்து வயது கூடினாற்போல இருந்தார்.

"இருபத்திரெண்டு வருஷம் உனக்குச் சோறு போட்டேன் மேரி."

"சோறு நான் வேல செஞ்சு தின்னேன் சார்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. அவளும்தான். வார்த்தை தானாக வந்து விழுந்துவிட்டது. விழுந்தது விழுந்ததுதான், பொறுக்கி எடுக்கப் போவதில்லை என்று நின்றாள்.

"இந்தக் கேட் பொறுப்பிலேர்ந்து உன்னை எடுத்துட்டேன். நிகில் பாத்துப்பான். இந்தா லெட்டர், வாங்கிண்டு போ."

அவள் கடிதத்தைப் படித்தாள். "சார், காரணம்ங்கிற இடம் காலியா இருக்கு. கேட் பொறுப்பாளர மாத்துனா காரணம் எழுதணும், வாடிக்கையாளருக்கும் ஒரு நகல் போகணும். நம்ம மெத்தட்ல இருக்கு."

பஞ்சாபகேசன் கடிதத்தைப் பிடுங்கி 'கீழ்ப்படியாமை' என்று எழுதினார்.

"எதுக்குக் கீழ்ப்படியலன்னு எழுதுங்க சார். சோதிக்காத மருந்துச் சாஃப்ட்வேருக்குக் கையெழுத்துப் போடச் சொன்னேன், போடலன்னு எழுதுங்க. நானே கரீம் பாய்கிட்ட நேர்ல கொண்டு போய்க் குடுக்குதேன்."

அவர் சாமி படத்துக்குக் கீழிருந்து மெத்தட் புத்தகத்தை எடுத்தார். அவளுக்கு எதிராக ஒரு வரியாவது கிடைக்காதா என்று புரட்டினார். தடவிய மஞ்சளில் பக்கங்களின் மூலைகள் ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து, நாற்பத்தோராம் பக்கம் வரை வந்தார். கையெழுத்தைப் பற்றிய அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். லூர்து மேரி உட்காரவுமில்லை, நகரவுமில்லை.

கடைசியில், தான் எழுதிய அந்த ஒரு வார்த்தையைப் பேனாவால் அடித்தார். கடிதத்தை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"போய் வேலையைப் பாரு."

லூர்து மேரி ஜன்னலோர மேஜைக்குப் போய், அடுத்த வாடிக்கையாளரின் கோப்பைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் முகூர்த்தத் தேதி பென்சிலில் குறித்திருந்தது. ரப்பரால் அழித்தாள்.

நிகில் அதற்குப் பிறகு எட்டு நாள் கோடவுனில் கவிழ்த்த பிளாஸ்டிக் கூடை மேல் உட்கார்ந்து வேலை செய்தான். திரும்பி வந்த சரக்கு தனியாக நிற்க ஓர் இடம் அமைத்தான். யாராவது பார்த்து விடுவித்தால்தான் அது அலமாரிக்குப் போகும். பதினான்கு பேரும் இந்தத் தடவை தங்கள் கையாலேயே சோதித்தார்கள். மராத்தியில் நாலு கையெழுத்து, இந்தியில் ஐந்து, தமிழில் மூன்று, ஒரு பெருவிரல் ரேகை. ஆகப் பதிமூன்று. லூர்து மேரி பேனாவை வைத்துக்கொண்டு கதவோரம் காத்திருந்தாள்.

அவள் போன் அடித்தது. பஞ்சாபகேசன்.

"ஆச்சா மேரி?"

"ஆகல சார்."

"இன்னும் நீ போடலையா?"

"என் வரைக்கும் இன்னும் வரல சார். கோமதியக்கா போட மாட்டேங்காவ. வழியில ஒடஞ்சு வந்த பாட்டில என்ன செய்யணும்னு இது கேக்கவே இல்லையாம். அத முதல்ல சரி பண்ணுங்கிறாவ."

நிகில் கூடை மேல் உட்கார்ந்தபடியே முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். மறுமுனையில் நீண்ட பெருமூச்சு.

"சரி, எப்போதான் ஆகும்?"

"அத அவங்களத்தான் கேக்கணும் சார்," என்று லூர்து மேரி போனை ஏணிப் பக்கம் நீட்டினாள்.

கோமதியம்மாள் இரண்டு கையிலும் பெட்டியை ஏந்தியிருந்தாள். போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கையில மாலு இருக்கு. பொறவு பேசுதேன்னு சொல்லு."